ஓட்டியவர் யார்

அக்கா வீட்டுக்காரர் எங்கள் வீட்டுப் படியேறி இரண்டு வருடமாகியிருந்தது. அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வாசலில் வந்து நின்றபோது, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கையில் திராட்சைப் பை இருந்தது. சாவுச் செய்தி சொல்ல யாரும் பழம் வாங்கிக்கொண்டு வருவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"என்ன சின்னது, உள்ள வான்னு கூப்பிட மாட்டியா?" என்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கேட்டார். பிறகு போனில், "உங்களச் சொல்லல சார், நீங்க சொல்லுங்க" என்றபடி செருப்பைக் கழற்றினார்.

அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அவருக்குச் 'சின்னது'தான். எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பதினாறு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிப் பள்ளியில் இறக்கி, மாலையில் அதே பதினாறையும் வீடு சேர்க்கிறேன். ஒரு தலையிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அத்தான் இதை வேலை என்று சொல்லமாட்டார். "பிள்ளைங்களை அள்ளிட்டுப் போறா" என்பார், ஏதோ நான் மண் வண்டி ஓட்டுவதைப் போல.

அவர் வீடும் மனையும் விற்றுக்கொடுக்கிறவர். அவர் தொழிலே பேச்சுதான். சாப்பிடும்போது பேசுவார், பல் தேய்க்கும்போது பேசுவார், என் அப்பாவின் சவ ஊர்வலத்தில் நடந்துகொண்டே மூன்றாவது மாடியில் காற்றோட்டம் எப்படி என்று யாருக்கோ விளக்கினார். அவர் குடியிருக்கும் பகுதிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தெருமுனையில், 'மெதுவாகச் செல்லவும், குழந்தைகள் விளையாடும் இடம்' என்று ஒரு பலகை நட்டிருக்கிறார். பலகையில் எந்தக் குழந்தையின் படமும் இல்லை. அவர் படம்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்ப்பவர். இருட்டுக் குழிக்குள் பத்து மாடி உயரத்தில் நின்று திருகாணி முடுக்குகிற மனிதர், அத்தானைக் கண்டதும் பனியனோடு எழுந்து சட்டையைத் தேடி ஓடினார். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அத்தான் உட்கார்ந்து, ஒருவழியாகப் போனை மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து மேசைமேல் போட்டார்.

"படிச்சுப் பாரு. உன்னால ஒரு சின்ன உதவி ஆகணும்."

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸ். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சாலைக்கு மேலே கம்பத்தில் மாட்டியிருக்கும் கேமரா, கண்ணாடி வழியாகக் காருக்குள் எட்டிப் பார்த்து எடுத்தது. வெயில் பட்டுக் கண்ணாடியின் மேல்பாதி வெளுத்துப் போயிருந்தது. ஓட்டுகிறவரின் முகம் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் தெளிவாக இருந்தது. முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, தொப்பை, ஸ்டீயரிங்கில் ஒரு கை, மறு கையில் போன். செவ்வாய்க்கிழமை, மாலை மூன்று இருபது.

சட்டம் ஒன்றும் சிக்கலானதல்ல. வண்டி ஓட்டும்போது போன் கையில் இருக்கக்கூடாது. பேசினாலும் பேசாவிட்டாலும், சிக்னலில் நின்றாலும் ஊர்ந்தாலும், கையில் இருந்தால் குற்றம். முதல் முறை அபராதம். மூன்று வருடத்துக்குள் இரண்டாவது முறை என்றால் நான்கு மாதம் லைசென்ஸ் முடக்கம். என் வேனில் வரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரிகிறது. நான் ஒருமுறை வண்டியை நிறுத்திவிட்டுப் போனைத் தொட்டதற்கே, "ஆன்ட்டி, இன்ஜின் ஆஃப் பண்ணலையே" என்று கேட்டது.

"இது ரெண்டாவது தடவையா, அத்தான்?" என்று கேட்டேன்.

"முதல் தடவை சும்மா. டைம் பாக்கறதுக்கு எடுத்தேன். அதைப்போய் ஒரு குத்தம்னு புடிச்சான்." நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "இங்க பாரு, இதுல முகம் இல்ல. வண்டி என் பேர்ல இருக்கு, அதனால எனக்கு நோட்டீஸ் வந்துருக்கு, அவ்வளவுதான். 'ஓட்டியவர் யார்'னு ஒரு பாரம் அனுப்பிருக்கான். மேல் பாதில நான் உன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். கீழ் பாதில நீ ஆமான்னு போட்டுட்டா முடிஞ்சுது. உன் லைசென்ஸ் சுத்தமா இருக்கு. உனக்கு முதல் தடவை. வெறும் அபராதம். அதை நான் கட்டிடறேன்."

என்னைக் கேட்பதற்கு முன்பே என் பெயரை எழுதியிருந்தார். பேனாவால், கட்டை எழுத்தில், பிழையில்லாமல். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அத்தான், இந்தக் கையில இவ்வளவு முடி இருக்கே."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து இருமலாக முடிந்தது. அத்தான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?"

"செவ்வாய்க்கிழமை மூணு இருபதுக்கு நான் ஸ்கூல் வாசல்ல நிப்பேன். ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கும்."

"அதையும் யாரும் பாக்க மாட்டாங்க."

"ஸ்கூல் வண்டி ஓட்டறவங்களுக்குச் சட்டம் வேற, அத்தான். எங்களுக்கு முதல் தடவையே பேட்ஜைப் புடுங்கிடுவாங்க. மூணு வருஷத்துக்குத் திரும்ப எழுதிக்கூடப் போட முடியாது."

அவர் இதைக் கேட்டு வருத்தப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிடம் யோசிப்பார் என்றாவது எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. "நல்லதாப் போச்சு" என்றார். "எத்தனை நாளைக்குத்தான் அந்த வாந்தி நாத்தத்துல உட்காந்திருப்ப? என் ஆபீசுக்கு வா. வர்றவங்களுக்கு டீ கொடுக்க, போன் எடுக்க ஒரு ஆளு வேணும்தான். நானே சொல்லணும்னு இருந்தேன்." உடனே மடியில் போன் அடித்தது. எடுத்துப் பேசியபடியே கவரை வாரிக்கொண்டு எழுந்தார். வாசலில் திரும்பி, போனைக் கையால் பொத்திக்கொண்டு, "திங்கட்கிழமை நேர்ல போய்க் கொடுத்துடலாம்" என்றுவிட்டுப் போனார்.

அதோடு விடவில்லை. அவர் சொல்லித்தான் பேசினாளோ, தானாகவே பேசினாளோ, மத்தியானம் அம்மாவிடமிருந்து போன். அம்மா அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.

"ஒரு கையெழுத்துதானேடி. உன் கல்யாணத்த அவர்தானே பேசி முடிச்சாரு."

"அவர் எதைத்தாம்மா பேசல?"

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்று அம்மா வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்தாள். அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை. சமையலறையில் என் பக்கத்தில் நின்று, நான் கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். எல்லாம் முடிந்த பிறகு துண்டை நான்காக மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நாலு மாசம் அவர் வீட்ல உட்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும்."

"அக்கா, என் வேலை போயிரும்."

"தெரியும். அவர்கிட்ட சொன்னேன். அந்தப் போக்குவரத்து ஆபீஸ்ல அவருக்கு ஆள் இருக்காம். பேட்ஜ் போகாம பாத்துக்கறேன்கிறாரு."

"நீ நம்பறியா?"

அக்கா மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். இருபத்தைந்து வருடம் ஒரு வீட்டில் இடைவிடாமல் ஒலிக்கிற குரலுக்கு நடுவே இருந்தவளின் முகம் அது. அவள் பார்வை என் மேல் இருந்தாலும் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு எத்தனை இளக்காரம் இருந்தாலும், அக்காவின் மடித்த துண்டைப் பார்த்தபோது மனசு ஆட்டம் கண்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "சரி, நாளைக்கு அவரோட போறேன். பேட்ஜ் போகாதுன்னு அந்த ஆபீஸ்ல என் காதால கேட்டா, அப்புறம் யோசிக்கறேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பள்ளி வளாகத்திலேயே நிறுத்தினேன். பத்தரைக்கு அத்தான் வந்தார். பக்கத்து இருக்கையில் கிடந்த காகிதக் கோப்பை, நான் ஏறி உட்கார்ந்ததும் என் மடியில் தூக்கிப் போட்டு, "அதுலதான் பாரம் இருக்கு, பத்திரம்" என்றார்.

பதினோரு வருடம் வண்டி ஓட்டியவளுக்கு இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்காருவது எப்போதுமே கொஞ்சம் கஷ்டம். கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அன்று தேடித் தேடி முழங்கால் வலித்துவிட்டது. டேஷ்போர்டில் போன் மாட்டுகிற ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதில் தன் கறுப்புக் கண்ணாடியைச் செருகி வைத்திருந்தார். போன் கையில்தான் இருந்தது. பள்ளி வாசலைத் தாண்டும் முன்பே முதல் அழைப்பு வந்தது. "டிரைவிங்ல இருக்கேன் சார், நீங்க தாராளமாப் பேசுங்க" என்றார்.

"அத்தான், எதுக்காகப் போறோம்னு ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் ஒரு வழி இருக்கு, சின்னது." அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காதுல வச்சாத்தான் கேமரா புடிக்கும். இப்படி வாய்க்கு நேரா, தட்டு மாதிரிப் புடிச்சுக்கணும். கேமரா வர்ற இடம் எனக்குத் தெரியும், அங்க மட்டும் தொடைக்குக் கீழ இறக்கிருவேன். போலீஸ் நின்னா தாடையச் சொறியற மாதிரி செஞ்சாப் போதும். சட்டம் போட்டவன் எல்லாம் வண்டி ஓட்டத் தெரியாதவன். ரெண்டு வேலைய ஒரே நேரத்துல செய்யத் தெரியாதவனுக்குத்தான் சட்டம்."

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு சிவப்பு விளக்கைப் பார்க்காமல் தாண்டினார். இரண்டு வேலையையும் செய்யத் தெரிந்தவர்.

அலுவலகம் போய்ச் சேர இன்னும் இரண்டு தெரு இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர் யாரோ பெரிய புள்ளி போலிருக்கிறது. அத்தானின் குரல் தேனாக வழிந்தது. வீட்டின் அளவைச் சொல்வதற்காகப் போனைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து எதையோ தேடினார். நான், "அத்தான், முன்னால" என்று கத்தினேன்.

தெரு கூட்டுகிற அம்மா ஒருத்தி சாலையோரமாகத் தன் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்தாள். ஓரமாகத்தான் போனாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். காரின் பக்கக் கண்ணாடி தள்ளுவண்டியின் கைப்பிடியில் அடித்தது. வண்டி சுழன்று நடைபாதையில் மோதிக் கவிழ்ந்தது. கைப்பிடியோடு அவள் கையும் சுழன்றது. கூட்டி வைத்திருந்த சருகெல்லாம் சாலையில் பரவியது.

அத்தான் பிரேக் போட்டார். அந்த அளவுக்கு நல்லவர். பிறகு போனில், "ஒண்ணுமில்ல சார், ஒரு குப்பை வண்டி குறுக்க வந்துருச்சு. நீங்க சொல்லுங்க, மாடி முகப்பு எந்தப் பக்கம் வேணும்?" என்றார். கண்ணாடியை இறக்கி, போனை நெஞ்சில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். சத்தம் போடவில்லை. அவர் நெஞ்சில் அழுந்தியிருந்த போனைப் பார்த்தாள்.

"பேசி முடிச்சுட்டு வாங்க சார். நான் நிக்கிறேன்" என்றாள்.

அத்தான் உண்மையிலேயே பேசி முடித்தார். மாடி முகப்பு கிழக்கா வடக்கா என்பது தீருகிற வரை பேசினார். அதற்குள் நான் இறங்கிவிட்டேன். அவள் மணிக்கட்டு அதற்குள்ளேயே வீங்கத் தொடங்கியிருந்தது. என் பையில் எப்போதும் ஒரு கட்டுத்துணி இருக்கும், பிள்ளைகளுக்காக. அதைச் சுற்றிவிட்டேன். விரல்களை அசைக்கச் சொன்னேன். அசைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தான் இறங்கி வந்தார். பர்சிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி எண்ணை உதடு அசைய இரண்டு முறை படித்து மனதில் ஏற்றிக்கொண்டதை நான் கவனித்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்தீங்கதானே? நாளைக்கு எங்க சூப்பர்வைசர் கேப்பாரு. யாரு ஓட்டினாங்க?"

எளிமையான கேள்வி. என் கையில் இருந்த கோப்புக்குள்ளும் அதே கேள்விதான் அச்சடித்துக் கிடந்தது.

"இவர்தான் ஓட்டினார்" என்றேன். "போன் பேசிக்கிட்டே ஓட்டினார். நீங்க ஓரமாத்தான் போனீங்க. எப்ப வேணும்னாலும் வந்து சொல்றேன்."

என் பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அத்தானின் முகம் என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஒன்றும் ஆகவில்லை. தன்னைப் பற்றி ஒருவர் உண்மை சொல்லிவிட்டார் என்பது அவருக்கு ஏறவே இல்லை. "உளறாத சின்னது. ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிருவான், வந்து ஏறு" என்றார்.

"நீங்க போங்க."

"என்ன நீங்க போங்க? பாரம்?"

மறுபடி போன் அடித்தது. அடித்ததும் அவர் கண் அதற்குப் போய்விட்டது. எடுத்துப் பேசியபடியே காரில் ஏறி, பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்த எரிச்சலில் வண்டியைக் கிளப்பினார். கோப்பு என் கையில் இருப்பது அவருக்கு அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் நினைவு வந்திருக்கும். அப்போது நான் அந்த அம்மாவோடு சேர்ந்து தள்ளுவண்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். சருகை அள்ளிப் போட்டோம். பக்கத்துத் தெருவில் கூட்டிக்கொண்டிருந்த அவளுடைய கூட்டாளி ஒருத்தி ஓடி வந்து, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

நான் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடந்தே போனேன். அத்தானிடமிருந்து ஆறு அழைப்புகள் வந்தன. எடுக்கவில்லை. நான் அப்போது எந்த வண்டியும் ஓட்டவில்லை, சட்டப்படி எடுத்திருக்கலாம்.

மூன்றாம் எண் கவுண்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். பாரத்தை வாங்கி, விரலைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"உங்க பேர்தான் போட்டிருக்கு. நீங்கதான் ஓட்டினீங்களா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"மேல கையெழுத்துப் போட்டிருக்கிறவர். அந்த நேரத்துல நான் ஸ்கூல்ல இருந்தேன். ரிஜிஸ்டர் இருக்கு."

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "இந்த வாரம் நீங்க நாலாவது ஆளு. ஒருத்தர் மாமனார் பேரை எழுதி அனுப்பினாரு. மாமனார் செத்து ஆறு வருஷமாகுது." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா வீட்டுக்காரர். இங்க அவருக்கு ஆள் இருக்குன்னு சொன்னாரு."

"எல்லாருக்கும் இங்க ஆள் இருக்கு. நான் இருபது வருஷமா இருக்கேன், அந்த ஆளை இன்னும் பாக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாருங்க. திருப்பி எடுத்துட்டுப் போறதுன்னா இப்பவே எடுத்துக்கோங்க, நான் பாக்கல. சீல் குத்திட்டா என் கையில இல்ல. போன் கேஸ் ஒரு பக்கம், பொய்த் தகவல் கேஸ் தனியா வரும். நாலு மாசம் எட்டு மாசமாகும்."

எட்டு மாதம். அக்கா துண்டை மடித்த விதம் நினைவுக்கு வந்தது. அவளை அந்த வீட்டில் அந்த வாயோடு எட்டு மாதம் பூட்டி வைக்கப்போவது நான்தான். கவுண்டரின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அந்தத் தெரு கூட்டுகிற அம்மா ஓரமாகப் போகாமல், தள்ளுவண்டிக்கு முன்னால் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அப்போதும் அத்தான் மாடி முகப்பைப் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார்.

"குத்துங்க" என்றேன்.

கீழ்ப்பாதியில், 'நான் ஓட்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீல் விழுந்தது. மணி பன்னிரண்டேகால். மாலை ட்ரிப்புக்கு நேரம் இருந்தது. பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய் வேனில் உட்கார்ந்துதான் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அத்தான் இரவோடு இரவாக உறவுக்காரர் எல்லோருக்கும் போன் போட்டு, நான் முதுகில் குத்திவிட்டதாகச் சொன்னார். ஒரு சித்தப்பா என்னிடம் விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். "அப்ப அவர்தானே ஓட்டினாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இருந்தாலும்" என்றார். அந்த 'இருந்தாலும்' என்பதற்கு மேல் யாரிடமும் வாதம் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு காரியம் செய்தார். அத்தான் மறுபடி வந்து வாசலில் நின்று குதித்தபோது அவர் சட்டையைத் தேடவில்லை. பனியனோடே நின்று, "அவ வேலைக்குப் போற நேரம், அப்புறம் வாங்க" என்றார். பிறகு உள்ளே வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

தெரு கூட்டுகிற அம்மாவுக்கு எலும்பில் கீறல். அவளுடைய மேலதிகாரி முன்னால் போய் இரண்டு முறை சாட்சி சொன்னேன். விபத்து வழக்கும் சேர்ந்துகொண்டது, அதற்குத் தனியாக அபராதம். மற்ற இரண்டுக்கும், கவுண்டர்க்காரம்மா சொன்னது போலவே, எட்டு மாதம் லைசென்ஸ் முடக்கம் என்று தீர்ப்பாயிற்று. அதோடு இரண்டு நாள் சாலைப் பாதுகாப்பு வகுப்பு. அத்தான் திருந்துவார் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அத்தானைத் தெரியாது. அந்த வகுப்பில் பாடம் எடுத்தவருக்கே ஒரு வீட்டை விற்றுவிட்டு வந்தார்.

முதலில் ஒரு டிரைவரை வைத்தார். மூன்றாம் நாள் அந்த மனிதர் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை இருக்கையில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டாராம். போனில் ஒருவரோடும், வாயால் இன்னொருவரோடும் பேசிக்கொண்டே, கையால் டிரைவருக்கு வழி காட்டினால் யார்தான் தாங்குவார்கள்? இரண்டாவது ஆள் ஒரு வாரம். அதற்குப் பிறகுதான், வீட்டில் இன்னொரு லைசென்ஸ் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அக்காவுடையது. கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. இருபத்தைந்து வருடத்தில் அவள் ஸ்டீயரிங்கைத் தொட ஒருநாளும் விட்டதில்லை. "பொம்பளை ஓட்டினா எனக்கு நெஞ்சு படபடக்கும்" என்பார். வீடு பார்க்க வருகிறவர்கள் காத்திருந்ததால் நெஞ்சு அடங்கிவிட்டது.

அந்த எட்டு மாதமும் அக்கா என்னோடு பேசவில்லை. இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் கேட்டேன். முதல் வாரம் காரை வாசல் கேட்டில் உரசினாளாம். இரண்டாம் வாரம் அத்தான் ஏதோ குறை சொல்ல, "நீங்க ஓட்டுங்களேன்" என்றாளாம். அதற்குப் பிறகு அவர் பின் இருக்கைக்குப் போய்விட்டாராம்.

லைசென்ஸ் திரும்பி வந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் சந்துக்குள் அந்தக் கார் வந்தது. அக்கா இறங்கினாள். முடியை இழுத்து முடிந்து, தட்டையான செருப்பு போட்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பின் இருக்கையில் அத்தான் சாய்ந்து உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. என்னைப் பார்த்தார், பேச்சை நிறுத்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா நேராகச் சமையலறைக்கு வந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"லைசென்ஸ் வந்துருச்சாமே?" என்றேன்.

"வந்துருச்சு. சாவிதான் அவருக்கு வரல." இடுப்பில் செருகியிருந்ததைத் தட்டிக் காட்டினாள்.

"சண்டை போடலையா?"

"எதுக்குப் போடறாரு? பின்னால உட்காந்து ராஜா மாதிரிப் பேசறாரு. கேமரா, போலீஸ் ஒரு பயமும் இல்ல. இப்பதான் வியாபாரம் நல்லா போகுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஓட்டறப்போ போன் கூடாதுங்கிற சட்டமே தன் யோசனைன்னு இன்னும் சொல்லல. சொல்லிருவாரு."

"உனக்கு?"

"முன்னெல்லாம் பக்கத்துல உட்காந்து, எங்க போய் மோதுவாரோன்னு வயித்தப் புடிச்சுட்டே போவேன். இப்ப ரோட்டப் பாக்கணும்ல. அவர் பேசறது காதுல விழுது, உள்ள போகல." இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. "நீ செஞ்சது தப்புன்னு அம்மாகிட்ட நான்தான் ரொம்பச் சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் தப்புதான். என்னை ஒரு வார்த்தை கேட்டுருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "கேட்டுருந்தா வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றாள்.

கிளம்பினாள். எங்கள் சந்து குறுகல். அன்று ஒரு பக்கம் தண்ணீர் லாரி வேறு நின்றிருந்தது, மறு பக்கம் மதில். என் வேனையே நான் அங்கே மூன்று தடவை முன்னும் பின்னும் ஒடித்துத்தான் வெளியே எடுப்பேன். வழி காட்டலாம் என்று நான் தெருவில் இறங்கி நின்றேன். அக்கா வேண்டாம் என்று கையசைத்தாள். இரண்டு கண்ணாடிகளையும் ஒருமுறை பார்த்தாள், கழுத்தைத் திருப்பிப் பின்னால் ஒருமுறை பார்த்தாள், லாரிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரே மூச்சில் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனாள். அத்தான் பின் இருக்கையில் யாருக்கோ சமையலறையின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.